பனிமலைக்கு ஒரு அளவு ஜாக்கெட்

வேலை கிடைத்துவிட்டது என்று வந்த மின்னஞ்சலை மூன்று முறை படித்தேன். அதோடு ஒரு பட்டியலும் வந்திருந்தது. தண்ணீர் புகாத மேலங்கி, தண்ணீர் புகாத கால்சட்டை, உள்ளே போடும் தெர்மல் துணி இரண்டு ஜோடி, கம்பளிக் காலுறை, கையுறை, பனிக்கண்ணாடி. பழவேற்காடு ஏரிக்கரைக் கோட்டைக்குப்பத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அதுவரை ஒரு ஸ்வெட்டர்கூடச் சொந்தமாக இருந்ததில்லை.

பொன்னேரியில் கேட்டரிங் படித்துவிட்டு, சென்னையில் ஓர் ஓட்டல் சமையலறையில் மூன்று வருடம் காய் நறுக்கி, சூப் கிண்டிக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்த்த ஒருத்தி வடக்கே ஒரு பனிமலை ஊரில் குளிர்காலம் மட்டும் நடக்கும் ஓட்டலில் ஆள் எடுக்கிறார்கள் என்றாள். விண்ணப்பித்தேன். போனிலேயே முகம் பார்த்து நேர்காணல் செய்தார்கள். "பனியில் வேலை பார்த்த அனுபவம் உண்டா?" என்று கேட்டார் அந்த மேலாளர். எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கும் எங்கள் வீட்டுப் பெட்டிதான். "ஐஸோடு பழக்கம் உண்டு சார். சின்ன வயதிலிருந்து கையால் அள்ளிப் போட்டிருக்கிறேன்" என்றேன். அவர் சிரித்தார். வேலை கொடுத்தார்.

அந்த ஓட்டலுக்கு மலைச்சரிவின் மேலே ஒரு டீக்கடை உண்டு. சறுக்க வருகிறவர்களுக்கு அங்கே நான் டீயும் நூடுல்ஸும் கொடுக்க வேண்டும். அங்கே வேலை பார்ப்பவர்கள் மாலையில் பனிச்சறுக்குக் கட்டையில்தான் கீழே இறங்கி வர வேண்டும். கற்றுக்கொடுத்துவிடுவார்கள். கட்டையும் அதற்கான பூட்சும் ஓட்டலே தரும். மற்ற உடையெல்லாம் அவரவர் பொறுப்பு.

எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழி விடிகாலையில் ஏரிமேல் படுத்திருப்பது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டால் போதும். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, "நாலு மாசம் பனில நிக்கப் போறியா? ஒரு நாள் நின்னாலே உனக்குச் சளி புடிச்சிக்கும்டி" என்றாள். இது அந்தப் பனி இல்லை என்று போனில் படம் காட்டினேன். அம்மா படத்தைப் பார்த்துவிட்டு மீன் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனாள்.

துணி வாங்கும் பொறுப்பைத் தங்கை எடுத்துக்கொண்டாள்.

தங்கை பொன்னேரியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவள் உடுத்துவதைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு பேச்சு இருந்தது. முழங்கைவரை தொங்கும் தொளதொள டிஷர்ட், பக்கமெல்லாம் பை வைத்த கார்கோ பேண்ட், கட்டை போல அடி வைத்த ஷூ. அத்தனையும் போனில் வாங்கியது. டெலிவரி செய்கிறவர்கள் எங்கள் குப்பத்துக்குள் வருவதில்லை. பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு கூப்பிடுவார்கள். இவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறப்பாள்.

"ஏன், பொன்னேரில கடையே இல்லியா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இருக்குதே. பேண்ட் காட்டுங்கன்னா லெக்கின்ஸ் எடுத்துப் போடுறாங்க. பசங்க செக்‌ஷன்ல போயி நின்னா, யாருக்கும்மா, தம்பிக்கான்னு கேக்குறாங்க. எனக்குதான்னு சொன்னா சிரிப்பு. போன் சிரிக்காதுக்கா."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தச் சிரிப்பை நானும் பல கடைகளில் பார்த்திருக்கிறேன். எனவே பட்டியலை அவளிடமே கொடுத்தேன். ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. ஏரிக்கு மீன்பிடிக்கப் போகாமல் நைனா, எங்கள் அப்பா, வீட்டில் வலை கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் இரண்டு நாள் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். ஒரே மாதிரி தெரியும் நூறு ஜாக்கெட்டுகள். எல்லாவற்றிலும் பின்னால் ஒரு பனிமலை. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தங்கை ஒன்றைப் பிடித்தாள். ஊதா நிறம், தோளில் வெள்ளைப் பட்டை, தலைக்கு மூடாக்கு.

"இதுதான்க்கா. போட்டுக்கினு நின்னா நீ அந்த ஊர்க்காரி மாதிரியே இருப்ப."

ஆறாவது நாள் பார்சல் வந்தது. உண்மையைச் சொன்னால், படத்தைவிட நேரில் இன்னும் அழகாக இருந்தது. உப்பலாக, எடையே இல்லாமல், தலையணையை மாட்டிக்கொண்ட மாதிரி. நான் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்து காட்டினேன். தங்கை படம் எடுத்தாள். அம்மாகூட, "நல்லாதான் கீது" என்றாள். பத்து நிமிடத்தில் எனக்கு வேர்த்து ஊற்றியது. அதையே நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டோம்.

நைனா வலையை வைத்துவிட்டு எழுந்து வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு துணியை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தார். தோள் தையலைத் திருப்பிப் பார்த்தார்.

"பாப்பா, இத்த போட்டுக்கினு வெளிய வந்து நில்லு."

நின்றேன். அவர் பக்கெட்டில் தண்ணீர் மொண்டு என் தலைக்கு மேலே தூக்கி, மெதுவாக, நிதானமாக ஊற்றினார். பாதி பக்கெட் முடிவதற்குள் தோளில் சில்லென்று இறங்கியது. மீதி முடிந்தபோது உள்ளே போட்டிருந்த நைட்டி முதுகோடு ஒட்டிக்கொண்டது. உப்பலெல்லாம் அடங்கி, ஜாக்கெட் நனைந்த கோழி மாதிரி என்மேல் தொங்கியது.

தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. "ஜாக்கெட்ட யாராவது பக்கெட் தண்ணி ஊத்திப் பாப்பாங்களா நைனா? டேக்கு கூட இன்னும் கழட்டல."

"ரெயின்கோட்ட நான் அப்டித்தாம்மா பாப்பேன். நடுக்கடல்ல போயி ஓட்டைன்னு தெரிஞ்சா இன்னா பண்றது?" என்றார் நைனா. கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அவரும் பிள்ளையின் சந்தோஷத்தைக் கெடுத்துவிட்டோமே என்ற முகத்தோடுதான் மறுபடி வலைக்குப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் தங்கை போனில் அந்த ஜாக்கெட்டின் விற்பனைப் பக்கத்தைத் திறந்து அடிவரை படித்தாள். படங்களுக்கெல்லாம் கீழே, கழுவும் முறைக்கும் கீழே, பொடி எழுத்தில் இருந்தது: நகர வீதிகளில் அணிவதற்கான உடை, மழைக்கும் பனி விளையாட்டுக்கும் ஏற்றதல்ல. அவள் அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

திருப்பி அனுப்பவும் முடியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு அதை எடுத்துப்போக வந்தவர் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார். "நான் எடுத்துக்கினு போயிடுவேங்க. ஆனா அங்க போட்டோ பாத்ததும் ரிஜெக்ட் பண்ணிடுவாங்க. மறுபடி உங்களுக்குதான் பேஜாரு" என்றார். அவர்மேல் தப்பில்லை. தண்ணீர் ஊற்றியது நாங்கள்தான்.

போக இன்னும் நான்கு வாரம்தான் இருந்தது. மறுநாள் நானும் தங்கையும் பொன்னேரிக்குப் பஸ் ஏறினோம். ஈரம் காய்ந்திருந்த அந்த ஊதா ஜாக்கெட்டையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். யாராவது கடைக்காரர் கேட்டால், இந்த மாதிரி, ஆனால் தண்ணீர் புகாததாக வேண்டும் என்று காட்டலாம் என்பது யோசனை.

கடைத்தெருவில் முதலில் போனது பெரிய ரெடிமேட் கடை. எங்கள் வீட்டு தீபாவளி, பொங்கல் எல்லாம் அந்தக் கடையில்தான். கல்லாவில் இருந்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். ஒருவர் மங்கி குல்லாவும், பூப்போட்ட ஸ்வெட்டரும், சால்வையும் கொண்டுவந்து பரப்பினார்.

"ஊட்டி, கொடைக்கானல் போறவங்க எல்லாம் இதான் வாங்குறாங்கம்மா."

"நான் பனியில விழுந்து எழுந்திருக்கணும் அண்ணா. ஸ்வெட்டர் நனைஞ்சிடும்."

"விழாம பாத்துக்கம்மா" என்றார் அவர். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். தங்கை என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். அடுத்த மூன்று கடைகளிலும் இதே கதைதான். ஒரு கடையில் ஜாக்கெட் வேண்டும் என்றதும் ரவிக்கைத் துணிக் கட்டை எடுத்து மேசைமேல் போட்டார்கள். தெருவில் நின்று சிரித்தோம். சிரித்து முடித்ததும் இரண்டு பேருக்கும் சோர்வாகிவிட்டது. மழை வேறு பிடித்துக்கொண்டது.

ஒதுங்கி நின்ற இடம்தான் அந்தக் கடை. வாசலில் மஞ்சள், நீலம் என்று ரெயின்கோட்டுகள் தொங்கின. கீழே ரப்பர் பூட்ஸ் வரிசையாக. இறால் கம்பெனிகளுக்கும், மீன் பதப்படுத்தும் கோல்டு ஸ்டோரேஜ்களுக்கும் உடை கொடுக்கும் கடை அது. பஸ்ஸில் போகும்போது எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். துணிக்கடை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. உள்ளே தையல் மிஷின் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் அளவு டேப். கால் மிஷினை நிறுத்தாமலே எங்களைப் பார்த்தார்.

"மழைக்கு நின்னீங்களா, இன்னா வேணும்?"

"மழைக்குதான் நின்னோம்" என்றேன். பிறகு, எதற்கும் கேட்டுவைப்போமே என்று, "பனிமலைக்குப் போட்டுக்கிற ஜாக்கெட் இருக்குமாக்கா?" என்றேன்.

"தைக்கணும்னா அளவு ஜாக்கெட் கொண்டாந்திருக்கியா?"

அவரும் ரவிக்கை என்று நினைத்துத்தான் கேட்டார். தங்கைக்கு என்ன தோன்றியதோ, பையைத் திறந்து ஊதா ஜாக்கெட்டை எடுத்து மிஷின்மேல் வைத்தாள். "இதோ, அளவு ஜாக்கெட்."

கடைக்காரம்மா மிஷினை நிறுத்தினார். ஜாக்கெட்டைத் தூக்கிப் பிடித்தார். கைக்குள் தன் கையை விட்டுப் பார்த்தார். மணிக்கட்டில் இருந்த இரட்டைப் பட்டியை இழுத்து விட்டார். மூடாக்கைப் பிரித்து, கழுத்தோடு அது சேரும் இடத்தை உற்றுப் பார்த்தார். ஒரு வெட்டு வெட்டி, உள்பக்கத் தையலில் ஐந்தாறு இழையைப் பிரித்து, உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று ஊதிப் பார்த்தார்.

"வெட்டு நல்ல வெட்டு. தச்சவன் கெட்டிக்காரன். துணிதான் ஒண்ணியும் இல்ல. உள்ள இருக்கறது பஞ்சு மாதிரி, நனைஞ்சா செத்துடும். சரி, இத்த போட்டுக்கினு நீ அங்க இன்னா பண்ணப் போற?"

நான் சொன்னேன். அவர் கேட்ட கேள்விகள் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கின்றன. உட்கார்ந்து வேலையா, நின்று வேலையா. கையைத் தலைக்கு மேலே தூக்குவாயா. அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பாயா. விழுவாயா. விழுந்தால் முன்னால் விழுவாயா, பின்னால் விழுவாயா.

"அது தெரியலக்கா. ரெண்டு பக்கமும் விழுவேன்னு நினைக்கிறேன்."

"அப்ப ரெண்டு பக்கமும் டபுள் துணி" என்று ஒரு சிட்டையில் குறித்துக்கொண்டார்.

உள்ளே போய் அடர்நீலத்தில் ஒரு தடித்த கோட்டை எடுத்துவந்தார். கோல்டு ஸ்டோரேஜில் மீன் பெட்டி அடுக்குகிறவர்கள் போடுவது. எங்கள் ஊர் அக்காக்கள் நாலைந்து பேர் அதைப் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் உறைகுளிரில் நிற்கிறவர்கள்தான். எனக்கு ஏன் அது முன்பே தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது. "சூட்டுக்கு இது போதும். ஆனா இது தண்ணிக்கு ஆகாது. இதுக்கு மேல ரெயின்கோட் துணில ஒரு உறை தைக்கிறேன். உன் அளவு ஜாக்கெட் மாதிரியே மூடாக்கு, மணிக்கட்டுப் பட்டி. தையல் ஓட்ட வழியாதான் தண்ணி எறங்கும். உள்பக்கமா டேப் வச்சி சூடு போட்டு அடச்சிடுவேன். கீழ பேண்ட்டும் அதே மாதிரி."

"கையுறை, கண்ணாடி?" என்று தங்கை பட்டியலை நீட்டினாள்.

அவர் அதை வாங்கிப் படித்தார். "கையுறை எங்கிட்ட இருக்குது. உள்ளாற போடுற துணியும் கண்ணாடியும் என்னால ஆகாது. அத்த நீ போன்லயே போடு. ஆனா போட்டோவ மட்டும் பாத்து வாங்காத. விக்கிறவன்கிட்ட கேளு. நான் இப்ப உங்கக்காவக் கேட்டேன் பாரு, அப்டி கேளு. பதில் சொல்லாதவன்கிட்ட வாங்காத."

தனக்குக் கிடைக்கக்கூடிய வியாபாரத்தை ஒரு கடைக்காரர் இப்படிப் போனுக்குத் தள்ளிவிட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தங்கையும் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் போனை எடுத்துக் கேள்விகளை எழுத ஆரம்பித்தாள். அடுத்த இரண்டு வாரத்தில் எத்தனை பேருக்கு அனுப்பினாளோ தெரியாது. பாதிப்பேர் பதிலே போடவில்லை. ஒருவர் வெறும் கும்பிடு போட்ட கையை அனுப்பினார். கடைசியில், நான் போகவிருந்த அதே ஊரில் பழைய பனிச் சாமான் விற்கிற ஒருவர் கிடைத்தார். அவருக்கும் இவளுக்கும் பொதுவாகத் தெரிந்தது பத்துப் பதினைந்து இந்திச் சொற்கள். அவர் கண்ணாடியைத் தன் முகத்தில் மாட்டி, உள்பக்கம் வாயால் ஊதி, புகை படியவில்லை என்று வீடியோ எடுத்து அனுப்பினார். வாங்கினோம். தெர்மல் துணியை வேறொரு இடத்தில், கழுவினால் சுருங்குமா என்ற கேள்விக்கு ஆமாம், கொஞ்சம் சுருங்கும் என்று பதில் சொன்னவர்களிடம் வாங்கினாள்.

"சுருங்கும்னு சொல்றாங்களே, அவங்ககிட்டயா வாங்குற?" என்றேன்.

"உண்மைய சொல்றாங்கக்கா. ஒரு சைஸ் பெருசா போட்டுட்டேன்."

கடைக்காரம்மா தைத்து முடித்த உடை மஞ்சள் நிறத்தில் இருந்தது. கையில் இருந்த துணி அதுதானாம். ஊதா, வெள்ளை என்று கனவு கண்ட தங்கை முகத்தைச் சுளித்தாள். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றால் சமையல் காஸ் சிலிண்டருக்குக் கைகால் முளைத்த மாதிரி இருந்தேன். நைனா மட்டும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பக்கெட்டை எடுக்கவில்லை.

"இதுக்கு பக்கெட்டு பத்தாது. வா, போட்டுல போலாம்."

வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்த நாள். ஏரி மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாக நுரை. நைனாவும் அவர் கூட்டாளியும் ஃபைபர் போட்டில் இஞ்சினைப் போட, நான் படகின் முனையில், முன்னணியத்தில், அலைச்சாரல் நேராக அடிக்கிற இடத்தில் உட்கார்ந்தேன். சின்ன வயதில் ஏரியில் போட்டில் போயிருக்கிறேன், ஆனால் மழைக்காலத்தில் ஏற்றமாட்டார்கள். முகத்துவாரத்தின் பக்கம் போகப் போக, ஒவ்வொரு அலைக்கும் ஒரு பக்கெட் தண்ணீர் முகத்தில் வந்து விழுந்தது. உப்பு கண்ணை எரித்தது. மேலே மழை. நான் கண்ணை மூடிக்கொண்டு உடம்பு முழுவதும் எங்கே ஈரம் என்று தேடிக்கொண்டே இருந்தேன். தோள், முதுகு, அக்குள், முழங்கால். எங்கும் இல்லை. வெளியே அத்தனை கூச்சல், உள்ளே வீட்டுக்குள் உட்கார்ந்த மாதிரி ஒரு வறட்சியான சூடு. பயம் என்று அதுவரை மனசில் கட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அந்த இடத்தில்தான் கழன்றது. போய்விட முடியும் என்று முதல் முறையாக நம்பினேன்.

கரைக்கு வந்ததும் நைனா என் கோட்டின் கழுத்துக்குள் கையை விட்டுத் தடவினார். கையை எடுத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"போயி வா" என்றார். அவர் எனக்குச் சம்மதம் என்று சொன்னது அதுதான். அதுவரை அந்த வேலையைப் பற்றி அவர் நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு சொல் சொல்லியிருக்கவில்லை. பிறகு, போட்டைக் கட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்: "அந்தம்மா எனக்கு ஒண்ணு தைக்குமா, கேட்டுப்பாரு."

பனிமலையில் என் முதல் நாளைப் பற்றி வீட்டுக்கு நான் பொய்தான் சொன்னேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையில் நடந்தது வேறு. எங்களுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தது அந்த ஊர்ப்பெண் ஒருத்தி. என் வயதுதான். அதே டீக்கடையில் என்னோடு வேலை பார்க்கப் போகிறவள். சின்னச் சரிவு ஒன்றில் என்னை நிறுத்தி, முழங்காலை மடக்கச் சொன்னாள். மடக்கினேன். விழுந்தேன். மற்றவர்கள் விழுந்தால் விழுந்த இடத்தில் கிடந்தார்கள். நான் கிடக்கவில்லை. கடைக்காரம்மா தைத்த ரெயின்கோட் துணி அத்தனை வழவழப்பு. மல்லாந்த வாக்கில், விலாங்கு மாதிரி வழுக்கிக்கொண்டே போய், சரிவின் அடியில் கட்டியிருந்த வேலி வலையில் மோதி நின்றேன். எழுந்து மேலே ஏறி வந்தேன். மறுபடி விழுந்தேன், மறுபடி வேலி. அன்றைக்கு ஐந்து முறை.

அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு வந்து என் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே கைவிட்டு, "உள்ளே நனையவே இல்லையே" என்றாள் இந்தியில். அவள் போட்டிருந்தது நல்ல விலை கொடுத்து வாங்கியது, ஆனால் இரண்டு குளிர்காலம் பழையது. அவளுக்குத் தோளில் நனைந்திருந்தது.

அறைக்கு வந்து கடைக்காரம்மாவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் மிஷினை நிறுத்தினார்.

"வழுக்கும்னு நான் யோசிக்கவேயில்லம்மா. என் தப்புதான். போட்டுல வழுக்கினா கேடு இல்லியே, இங்க எல்லாரும் புடிச்சிக்கினு நிப்பாங்க. அங்க சொரசொரன்னு எதாவது துணி கெடைக்குமா? கூடாரத் துணி மாதிரி?"

கிடைத்தது. ஓட்டலில் கிழிந்த கூடாரத் துணி ஒரு மூட்டை கிடந்தது. அந்த ஊர்ப்பெண்ணும் நானும் உட்கார்ந்து பின்பக்கத்திலும் முழங்காலிலும் ஒட்டுப்போட்டோம். எங்கே எவ்வளவு அகலம், எந்தத் தையல் என்று கடைக்காரம்மா போனிலேயே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கையுறையும் சரிவரவில்லை. பெட்டி தூக்கத்தான் அது லாயக்கு, சறுக்கும்போது ஊன்றும் கம்பைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. அதை அந்த ஊர்ச் சின்னக் கடை ஒன்றில், மாட்டிப் பார்த்து, மடக்கிப் பார்த்து வாங்கினேன். ஒட்டுப்போட்ட மறுநாளிலிருந்து விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடந்தேன். அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று வழுக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

தை பிறந்து சில நாளில், டீக்கடையைப் பூட்டிவிட்டு மேலிருந்து கீழ்வரை ஒரு முறைகூட விழாமல் வந்தேன். யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் அப்படித்தான் தினமும் வருகிறார்கள். கீழே வந்து கட்டையைக் கழற்றினேன். சிரித்துக்கொண்டே இருந்தேன்.

இதற்கிடையில் பொன்னேரியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. நைனாவுக்குத் தைக்கக் கொடுக்கப் போன தங்கை, அந்தக் கடையில் மீந்து கிடந்த தடித்த துணிகளைப் பார்த்திருக்கிறாள். தனக்கு ஒரு கார்கோ பேண்ட் வெட்டித் தரச் சொன்னாளாம். கடைக்காரம்மா, "எத்தினி பை வேணும்? எதெல்லாம் போடுவ?" என்று மட்டும் கேட்டாராம். சிரிக்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனவளிடம் கூடப் படிக்கிற பெண்கள் எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள். ஒவ்வொருத்தியாக அழைத்துப் போனாள். பிறகு அவளே அந்தக் கடைக்குப் போனில் ஒரு விற்பனைப் பக்கம் தொடங்கிக் கொடுத்தாள். அவள் எழுதும் விவரங்களை நான் மலையில் உட்கார்ந்து படிப்பேன். ஒரு சட்டைக்குக் கீழே, படத்தைவிடப் பெரிய எழுத்தில் போட்டிருந்தாள்: இது மழைக்குத் தாங்காது. முதல் இரண்டு துவையலுக்குச் சாயம் போகும். தோள் இறங்கித்தான் இருக்கும், அதுதான் அழகு.

அந்த விவரங்களை எனக்குத் தெரிந்த இந்தியில் படித்துச் சொன்னேன். அவற்றை நம்பி, எங்கள் ஓட்டலில் வேலை பார்த்த நான்கு பேர் மஞ்சள் கோட்டு கேட்டார்கள். சறுக்கக் கற்றுக்கொடுத்த அந்தப் பெண்தான் முதல் ஆள். ஒருவரை ஒருவர் கயிற்றால் அளந்து, கயிற்றை ஸ்கேலில் வைத்துப் பார்த்து அளவு அனுப்பினோம். பொன்னேரியில் ஏறிய பார்சல் பதினொரு நாள் கழித்து, பனியில் சாலை அடைபட்டு, கடைசி இருபது கிலோமீட்டர் ஒரு பால் வண்டியில் வந்து சேர்ந்தது. இந்த முறை கடைக்காரம்மா சொரசொரப்பான துணியைத் தானே தேடிப் பிடித்துப் பின்பக்கம் வைத்திருந்தார். ஒருவருக்கு மட்டும் கை நீளம் இரண்டு விரல் அதிகம். அவர் மடித்துவிட்டுக்கொண்டார்.

பங்குனியில் பருவம் முடிந்து ஊருக்கு வந்தேன். அடுத்த குளிருக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள், இந்த முறை டீக்கடையில் இல்லை, ஓட்டல் சமையலறையில், ஒரு படி மேலே. கடைக்காரம்மா இரண்டாவது மிஷின் போட்டிருக்கிறார். தங்கை கல்லூரி விட்டதும் நேராக அங்கே போய்விடுகிறாள். வெட்டக் கற்றுக்கொள்கிறாள். இன்னும் மூடாக்குச் சரியாக வரவில்லையாம், தினமும் பிரித்துப் பிரித்துத் தைக்கிறாள்.

மறுபடி கார்த்திகை வந்துவிட்டது. நேற்று பயணத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது தங்கை கடையிலிருந்து போன் செய்தாள். "அக்கா, நாளைக்கு ஸ்டேஷனுக்கு என்னால வர முடியாது. சுண்ணாம்புக்குளத்துல இருந்து கோல்டு ஸ்டோரேஜ் அக்காங்க ஏழு பேரு அளவு குடுக்க வர்றாங்க. கோச்சிக்காத" என்றாள்.

நைனாவும் அம்மாவும் வந்தால் போதும், நீ வேலையைப் பார் என்றேன்.